உழைச்செல்வாரின் நான்காம் குணம்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளைப் பாடஞ் சொல்லாத தமிழாசிரியர் இலர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து மருந்தை இயற்றுபவன் என நான்கு கூறுகளால் ஆயது மருத்துவம் என்று வள்ளுவர் அங்கே வகுத்துரைக்கிறார். முதல் மூன்றுக்கும் வகுப்பறையில் விளக்கம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. நான்காவதாக நிற்கும் 'உழைச்செல்வான்' என்னும் சொல் வரும்பொழுது மணி அடித்துவிடுகிறது. 'பக்கத்தில் இருந்து உதவுபவன்' என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டுப் பாடம் நகர்ந்துவிடுகிறது.

பரிமேலழகர் அச் சொல்லை அவ்வாறு விட்டுவிடவில்லை. நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு குணங்களை அவர் எண்ணிக் காட்டுகிறார். உழைச்செல்வானுக்கு அவர் எண்ணுவன இவை: நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் ஆகிய மூன்றும் தூயனவாதல், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை. வடமொழியில் சரக சங்கிதையும் மருத்துவத்தை நான்கு கால்களாகப் பகுத்து, பணிவிடை செய்வார்க்கு நான்கு குணம் கூறுகிறது. அங்கே பணிவிடை முறையை அறிந்திருத்தல் முதலில் நிற்கிறது. பரிமேலழகரிடத்தில் அறிவு ஈற்றில் நிற்கிறது. எங்கே நின்றாலும் அது நிற்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கூர்மையான மாணவன் ஒருவன் இவ்விடத்தில் ஒரு வினா எழுப்பலாம். சொல்லியவாறே செய்வது கடமையாயின் வன்மை ஒன்று போதுமே, அறிவு எதற்கு? அவ்வினாவுக்கு விடை எளிது. சொல்லியவர் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நோயோ நள்ளிரவில் மாறுகிறது. மாறியதைக் காண்பவர், இது முன்பு கண்டது போன்றதன்று என்று உணர்பவர், ஏன் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்பவர் அருகில் இருப்பவரே. அக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, எண்ணிப் பார்த்து, பிறர் சோதிக்குமாறு எழுதி வைத்தால் அதன் பெயர் ஆராய்ச்சி. பதிவுபெற்ற தாதியர்க்கு ஆராய்ச்சியில் என்ன இடம் என்று இக்காலத்தில் எழுப்பப்படும் வினா மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்ததன்று. பரிமேலழகர் உரையிலேயே அதற்கு வித்து இருக்கிறது. அது முளைக்காமல் போனதற்கு நம்மவர் மூன்றாம் குணத்தைப் போற்றிய அளவுக்கு நான்காம் குணத்தைப் போற்றாததே காரணம்.

சொற்களையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் செவிலியர் என்பர். சிங்கப்பூரில் தாதியர் என்பதே வழக்கு. செய்தித்தாளிலும் வானொலியிலும் மருத்துவமனைப் பலகையிலும் அதுவே. தாதி என்னும் சொல்லுக்கு அகராதியில் இரண்டு வேர் காணலாம். ஒன்று ஊட்டி வளர்க்கும் தாயைக் குறிப்பது. மற்றொன்று பணிப்பெண்ணைக் குறிப்பது. ஒரே எழுத்துக்கோவைக்குள் தாயும் வேலைக்காரியும் குடியிருக்கிறார்கள். தாதியை மதிக்கும்போது முதற்பொருளை எடுத்துக்கொண்டு 'தாயுள்ளம்' என்று மேடையில் பேசுகிறோம். மகள் அத்தொழிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் இரண்டாம் பொருள் நினைவுக்கு வந்துவிடுகிறது. அறிவைக் குறிக்கும் பொருள் இரண்டிலும் இல்லை.

செவிலி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் வளமானது. அகப்பாடல்களில் செவிலி வெறும் வளர்ப்புத் தாய் அல்லள். தலைவியின் மேனியில் தோன்றும் வேறுபாட்டை முதலில் காண்பவள் அவள். தோழியை வினவுபவள் அவள். மணம் முடிந்தபின் தலைவியின் இல்லம் சென்று, கண்டதை நற்றாய்க்கு வந்து உரைப்பவளும் அவளே. குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நினைவு கூர்க. கூடலூர் கிழார் பாடியது. தலைவி தயிரைப் பிசைந்த விரலைத் தன் ஆடையிலே துடைத்துக்கொண்டதையும், தாளிப்பின் புகை கண்ணில் படிந்ததையும், தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்டதையும், அதனால் அவள் முகம் மிக நுட்பமாக மலர்ந்ததையும் செவிலி வரிசையாகச் சொல்லுகிறாள். 'மகள் நன்றாக இருக்கிறாள்' என்று அவள் முடிவு கூறவே இல்லை. கண்டதை மட்டும் கூறுகிறாள். முடிவு நற்றாயின் உள்ளத்தில் தானே விளைகிறது. சான்றை முடிவிலிருந்து பிரித்து வைக்கும் இந்த ஒழுக்கம் கவிதைக்கு அழகு செய்வது போலவே நோய்ப்படுக்கை அருகிலும் உயிர் காப்பது. ஆயினும் செவிலியின் கண்ணுக்கு இலக்கியம் தந்த இடத்தைச் செவிலியரின் கண்ணுக்கு மருத்துவமனை பல காலம் தரவில்லை.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ளது பூன் லே. சியூ பூன் லே என்னும் சீன வணிகர் ஜூரோங் பகுதியில் தோட்டம் வைத்திருந்ததால் வந்த பெயர் அது. மிளகும் கம்பீரும் ரப்பரும் நின்ற அவ்வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ரயில் நிலையம் 1990இல் வந்தது. அண்மையில் பயனியர் பலதுறை மருந்தகம் 2017இல் திறக்கப்பட்டது. ஜூரோங் கிழக்கில் இங் தெங் ஃபோங் பொது மருத்துவமனையும் அதை ஒட்டிய ஜூரோங் சமூக மருத்துவமனையும் 2015 முதல் இயங்குகின்றன. இவ்விடங்களில் நோயாளியோடு மிகுந்த நேரம் இருப்பவர் யார் என்று ஒரு பகல் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். நீரிழிவால் புண்பட்ட காலைக் கழுவிக் கட்டுபவர், இரத்த அழுத்தம் குறிப்பவர், ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பவர், 'மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் பாட்டி?' என்று உண்மையை வாங்குபவர் தாதியே. இத்தனையும் கண்டவர்க்கு அதைப்பற்றி ஆராய்ந்து எழுதும் உரிமை உண்டா என்று ஐயுறுவது, உழவனுக்கு மண்ணைப்பற்றிப் பேசும் உரிமை உண்டா என்று ஐயுறுவது போன்றது.

இத்தீவில் தாதியர் பணி 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் பணியேற்றபோது தொடங்கியதாகக் கொள்வர். அந்நாளே தாதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1927இல் இங்கு வந்த ஐடா சிம்மன்ஸ் என்னும் பொதுநலத் தாதி நாட்டுப்புறக் கம்பங்களில் தாய்சேய் நலப் பணியைக் கட்டி எழுப்பி 1948இல் ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகக் கல்வியோ மிகப் பிந்தி வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையம் 2005இல்தான் அமைந்தது. சென்னை மாகாணத்திலோ தாதியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யும் சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. வேலூரிலும் தில்லியிலும் தாதியர்க்குப் பட்டப் படிப்பு 1946இல் தொடங்கியது. நூறாண்டுக்கு மேற்பட்ட பணி, இருபதாண்டுப் பல்கலைக்கழகப் பயிற்சி: சிங்கப்பூரில் தாதியர் ஆராய்ச்சி இளமையாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

ஆராய்ச்சி மருத்துவர்க்கே உரியது, தாதிக்குக் கனிவே அணி என்று வாதிடுவோர் புளோரன்ஸ் நைட்டிங்கேலைச் சான்றுக்கு அழைப்பது வழக்கம். கையில் விளக்கு, முகத்தில் கருணை. பாடநூல்களில் வரும் படம் அது. அப்படத்தை நம்பி அவருடைய நூலைத் திறப்பவர் திகைத்துப் போவார். 'தாதிமைக் குறிப்புகள்' என்னும் அவருடைய சிறு நூல் 1859ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. தொழிற்கல்விக்கு என எழுதப்பட்டதன்று. வீட்டில் பிறர் நலத்துக்குப் பொறுப்பேற்ற பெண்களுக்காக எழுதப்பட்டது. காற்றோட்டத்தில் தொடங்கி, வீட்டின் தூய்மை, ஓசை, உணவு, படுக்கை, வெளிச்சம் என்று நடந்து, நோயாளியை உற்றுநோக்குதல் என்னும் இயலில் வந்து சேர்கிறது. அவ்வியலே நூலின் உயிர்நிலை. 'இரவு நன்றாகத் தூங்கினாரா?' என்று கேட்பதை அவர் கடிகிறார். ஒருவர்க்கு நல்ல இரவு மற்றவர்க்குக் கெட்ட இரவு. எத்தனை மணி நேரம் தூங்கினார், எப்பொழுது தூங்கினார், எப்பொழுது விழித்தார் என்று கேட்க வேண்டும் என்கிறார். விடையைத் தன்னுள்ளே வைத்திருக்கும் வினா வினாவே அன்று என்பது அவர் கருத்து. தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்கள் இவ்வியலைப் படித்தல் நலம். உற்றுநோக்குவது செய்தி குவிப்பதற்காக அன்று, உயிர் காப்பதற்காகவே என்றும் அங்கே வரையறுத்துவிடுகிறார்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. தொற்று என்னும் கருத்தை அந்நூலில் அவர் ஏற்கவில்லை. நோய்க்குத் தீய காற்றே காரணம் என்னும் பழைய கொள்கையை இறுகப் பற்றினார். அடித்துப் பேசும் நடை சில இடங்களில் சான்றை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆயினும் கருத்தில் பிழைபட்டவர் கணக்கில் பிழைபடவில்லை. கிரீமியப் போரில் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு 1854 நவம்பரில் 38 தாதியரோடு அவர் சென்றார். அடுத்த குளிர்காலத்தில் அங்கே படைவீரர் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். காயத்தால் மடிந்தவரைக் காட்டிலும் நோயால் மடிந்தவரே பன்மடங்கு மிகுதி என்பதை நாடு திரும்பியபின் எண்ணிக் கண்டு, வட்டமாய் விரியும் வண்ணப்படமாக வரைந்து 1858இல் ஆட்சியாளர் கண்முன் வைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதற்பெண் அவரே.

படைவீரர் கணக்கினும் சிறந்த சான்று ஒன்று அவருடைய 1871ஆம் ஆண்டு நூலில் இருக்கிறது. அதைப் பேசுவார் குறைவு. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவர் ஆதரவில் மருத்துவச்சியர் பயிற்சிக்கென ஒரு பேறுகால விடுதி நடந்தது. அங்கே பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார் இறந்தனர். 1867இல் விடுதி மூடப்பட்டது. அவர் அதனோடு விட்டாரில்லை. பல நாட்டுக் கணக்குகளையும் திரட்டி, வீட்டில் பெறுவோர் இறப்பையும் மருத்துவமனையில் பெறுவோர் இறப்பையும் ஒப்பிட்டார். இங்கிலாந்து முழுமைக்கும் 1000 பேற்றுக்கு ஏறத்தாழ 5 தாய்மார் இறக்க, அவ்விடுதியில் ஏறத்தாழ 33 பேர் இறந்திருந்தனர். தம் பெயரால் தொடங்கியது, தம் பயிற்சியால் நடந்தது. அது உயிரைக் கொன்றது என்று எண்ணிக்கையோடு அச்சிட்டு வெளியிட்டார். விளக்கேந்திய படத்தைவிட இந்நூலே அவருக்கு உரிய நினைவுச் சின்னம்.

இத்தகையவர் தாதியரைச் சட்டப்படி பதிவு செய்வதை எதிர்த்தார் என்பது வியப்பாகத் தோன்றலாம். நல்ல தாதியின் பண்பைத் தேர்வெழுதி அளக்க முடியாது என்பது அவர் வாதம். எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் அம்மையார் மறுதரப்பில் நின்று முப்பது ஆண்டு போராடினார். நியூசிலாந்து 1901இல் சட்டம் இயற்றி முந்திக்கொண்டது. இங்கிலாந்து 1919இல்தான் இயற்றியது. நைட்டிங்கேலின் ஐயம் முற்றிலும் பொய்யன்று. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டதனால் ஒருவருக்குக் கண் திறந்துவிடாது. ஆனால் பதிவு இல்லாதவர் கண்டதைக் கேட்பார் யார்? பதிவு என்பது ஒருவர் சொல்லுக்குப் பொறுப்பும் மதிப்பும் தருவது. சான்று கூறுபவர் இன்னார் என்று தெரிந்தால்தான் சான்று சான்றாகும். சிங்கப்பூரில் 1999ஆம் ஆண்டின் தாதியர் மருத்துவச்சியர் சட்டம் இப்பொறுப்பை வரையறுக்கிறது. இவ்வழக்கில் ஃபென்விக் அம்மையாரே வென்றது தகும்.

மதிப்பு இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனை நிகழ்ச்சி ஒன்றே போதும். குறைமாதக் குழந்தைகள் பகுதிக்குத் தலைமைத் தாதியாக இருந்தவர் சிஸ்டர் ஜே. வார்டு. குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. வெயில் அடிக்கும் நாளில் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போவார். 1956ஆம் ஆண்டு ஒரு நாள், மருத்துவர் சுற்றி வருகையில், மஞ்சட்காமாலை கண்ட ஒரு குழந்தையின் ஆடையை விலக்கிக் காட்டினார். உடல் வெளுத்திருந்தது, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள் அடர்ந்திருந்தது. போர்வையின் மூலை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் கரைந்திருந்தது. அங்கிருந்து தொடங்கியதே ஒளி மருத்துவம். 1958இல் 'லான்செட்' ஏட்டில் வெளிவந்த கட்டுரையில் கிரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் என மூன்று பெயர் இருக்கின்றன. வார்டின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. 1975இல் டாப்ஸும் கிரீமரும் எழுதிய நினைவுக் குறிப்பால்தான் இக்கதை உலகுக்குத் தெரிந்தது.

கிள்ளை மொழி பேசுமுன் மஞ்சள் பூத்த பிள்ளையை இளவெயிலில் காட்டும் பழக்கம் நம் பாட்டிமார்க்கும் உண்டு. ஆனால் பாட்டியின் பழக்கம் ஒளி மருத்துவம் ஆகிவிடவில்லை. ஆகாததற்குக் காரணம் அறியாமை அன்று. மூடிய இடத்தையும் மூடாத இடத்தையும் ஒப்பிட்டு, 'பாருங்கள்' என்று இன்னொருவர்க்குக் காட்டும் படி ஒன்று இடையில் இருக்கிறது. வார்டு அப்படியில் ஏறினார். அதற்கு மேற்பட்ட படியில், அளந்து எழுதும் படியில், அவரை ஏற்றிவிடுவார் இல்லை. சிங்கப்பூருக்கு இது தொலைவிடத்துச் செய்தி அன்று. இரத்தத்தில் ஒரு நொதி குறைந்த பிள்ளைகளுக்குக் கடுங்காமாலை வந்து மூளை கெடுவது இங்கே பெருந்துன்பமாக இருந்தது. 1965 முதல் பிறக்கும் பிள்ளைகள் அனைவரின் தொப்புள்கொடி இரத்தமும் சோதிக்கப்பட்டு வருகிறது. அந்துருண்டை வைத்த துணியைப் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள் என்று தாய்மார்க்குச் சொல்லி அனுப்புவது இன்றும் தாதியர் வேலையாக இருக்கிறது.

அளந்து எழுதும் படியில் தாமே ஏறியவரும் உளர். படுக்கைப் புண்ணைப்பற்றி டோரீன் நார்ட்டன் செய்த ஆராய்ச்சி 1962இல் நூலாக வந்தது. அதற்கு முன் மருத்துவமனைதோறும் முதியவர் முதுகில் ஏதேனும் ஒன்றைத் தேய்ப்பது வழக்கம். ஒரு பகுதியில் சாராயம், ஒரு பகுதியில் களிம்பு, ஒரு பகுதியில் சோப்பு. ஒவ்வொரு தலைமைத் தாதிக்கும் ஒரு நம்பிக்கை. நார்ட்டன் நம்பிக்கைகளை ஒதுக்கிவிட்டு எண்ணினார். பூச்சால் பயன் இல்லை, அழுத்தத்தை நீக்குவதாலேயே பயன் என்று கண்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், கழிவடக்கம் ஆகிய ஐந்தையும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிட்டு, கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழ்ப்படின் இடர் உண்டு என்று கொள்ளும் அளவுகோலையும் அமைத்தார். 1987இல் பிரேடன், பெர்க்ஸ்ட்ராம் என்னும் தாதியர் இருவர் வேறோர் அளவுகோல் வகுத்தனர். இவை மருத்துவரின் கேள்விகள் அல்ல. முதுகைப் புரட்டிப் பார்த்தவர்க்கே தோன்றும் கேள்விகள்.

இங்கே ஒரு தடை எழுகிறது. படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி தோல் சிவத்தல் என்று நூல்கள் கூறும். வெண்ணிறத் தோலில் சிவப்பு தெரியும். கருநிறத் தோலில்? தெரியாது, அல்லது காலங்கடந்து தெரியும். அவ்விடத்தின் சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டு உணர வேண்டும் என்று பிற்காலத்து வரையறைகள் சேர்த்துக்கொண்டன. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கூடத்தில் படுத்திருக்கும் சிங்கப்பூர் மருத்துவமனையில் இவ்வினா நாள்தோறும் எழுவது. தமிழ் முதியவர் ஒருவரின் இடுப்பில் எதைக் கண்டு, எதைத் தொட்டு, எத்தனை மணிக்கு முன் அறியலாம் என்பதை ஆராய மேற்குத் திசையை நோக்கிக் காத்திருத்தல் வேண்டா. ஜூரோங்கிலேயே ஆராயலாம். ஆராய வேண்டியவர் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவரே.

ஆட்சியாளர் செவிக்கு எட்டுவது எண். லிண்டா ஏய்க்கன் என்னும் அமெரிக்கத் தாதி இதனை நன்குணர்ந்தவர். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 232,342 நோயாளிகளின் கணக்கையும் 10,184 தாதியரின் விடைகளையும் இணைத்து, அவரும் துணைவரும் 2002இல் முடிவு வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகும்போதெல்லாம் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்பது அம்முடிவு. 2014இல் ஐரோப்பிய நாடுகள் ஒன்பதில் செய்த ஆராய்ச்சியும் அதே திசையைக் காட்டியது. தாதியர் பல்லாண்டாக 'வேலை மிகுதி' என்று முறையிட்டு வந்தனர். முறையீடு முறையீடாகவே இருந்தது. எண்ணிக்கை வந்தபின்தான் அது மரணக் கணக்காயிற்று. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே அன்றிக் காரணத்தை ஐயமற நிறுவும் சோதனை அன்று என்று மறுப்போர் சொல்வதையும் மறைத்தலாகாது. எனினும் நோயாளிகளைக் குறைந்த தாதியரிடம் வேண்டுமென்றே ஒப்படைத்துச் சோதிக்க மனம் உடையவர் யார்?

இவ்வளவும் புகழுரையாகிவிட்டது. குற்றமும் கூறவேண்டும். தாதியர் ஆராய்ச்சி என்ற பெயரால் இன்று உலகெங்கும் வெளிவருவனவற்றுள் பதர் மிகுதி. பட்டம் பெறுவதற்காகவும் பதவி உயர்வுக்காகவும் எழுதப்படுவன பல. கைக்கு எளிதில் கிடைக்கும் மாணவிகளிடம் வினாத்தாள் கொடுத்து, 'மனநிறைவு மிதமாக உள்ளது' என்று முடிப்பவை அவற்றுள் ஒருவகை. நோயாளி அங்கே வருவதே இல்லை. இன்னொரு பக்கம், மருந்துச் சோதனைகளில் 'ஆராய்ச்சித் தாதி' என்னும் பெயரோடு இரத்தம் எடுத்து, படிவம் நிரப்பி, குளிர்பெட்டி காத்து நிற்பவர் உளர். வினா அவருடையதன்று, விடையும் அவருடையதன்று. இதனை இழிவென்று சொல்ல வேண்டுவதில்லை. சோதனைக்கு உடன்பட்டவர் உண்மையில் புரிந்துதான் உடன்பட்டாரா என்பதை அறியக்கூடியவர் அத்தாதி ஒருவரே. பெரியவர் தலையாட்டியது சம்மதமா, 'டாக்டர் சொன்னால் சரி' என்னும் மரியாதையா என்று பிரித்தறிவது சிறிய வேலை அன்று. ஆனால் வாழ்நாள் முழுவதும் அவ்வளவோடு நின்றுவிட்டால், பழைய மூன்றாம் குணமே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததாக முடியும். தாதிக்கு வாரத்தில் சில மணி நேரமாவது படுக்கையை விட்டு மேசைக்கு வர இடம் கொடாத நிருவாகம், அவரிடம் ஆராய்ச்சியை எதிர்பார்த்தல் பொருந்தாது. சமையற்கட்டை விட்டு வெளியே விடாமல் 'கவிதை எழுதவில்லையே' என்று பெண்ணைக் கேட்பது போன்றது அது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வலியைப்பற்றிய ஆராய்ச்சியை எடுத்துக்கொள்க. மெல்சாக் என்பவர் 1975இல் வெளியிட்ட மெக்கில் வினாத்தாள் வலியைக் கூறும் 78 ஆங்கிலச் சொற்களை இருபது தொகுதிகளாக அடுக்கியது. வலியை வெறும் எண்ணால் அளப்பது போதாது, அது எவ்வகை வலி என்பதும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதைத் தமிழாக்க முனைவோர் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் எழுதினால் என்ன ஆகும்? எரிச்சல் என்றால் புண் எரிவதும் அதுவே, மருமகள் மேல் வருவதும் அதுவே. கடுப்பு நீர் கழிக்கையில் வருவது. இளைஞர் வாயில் அது கோபம். உளைச்சல் காலுக்கும் உண்டு, வயிற்றுக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. மூன்றும் மூன்று நோய். குத்தல் வேறு, குடைச்சல் வேறு, பிடிப்பு வேறு, விண் விண் என்று தெறித்தல் வேறு. பாதம் மதமதத்துப் போயிற்று என்று நீரிழிவுக்காரர் சொன்னால் அது வலியின்மை. ஆனால் வலியைவிட அஞ்சத்தக்கது. 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்பதற்கு எந்த எண்ணை இடுவது? பத்துக்கு எத்தனை என்று கேட்டால், பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று மூன்று சொல்லும் பாட்டியும் உண்டு.

இச்சொற்களைப் புத்தகத்திலிருந்து எடுக்க இயலாது. பேசுவோர் வாயிலிருந்து கேட்டுத் தொகுத்து, எந்தச் சொல் எந்த நோயோடு வருகிறது என்று ஒப்பிட்டு, தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து ஒத்துப்பார்த்து, பிறகே அளவுகோலாக்க வேண்டும். மொழி புரியாதவரை ஆராய்ச்சியில் சேர்க்காமல் விட்டுவிடுவது ஆராய்வோர்க்கு எளிது. அப்படி விடப்பட்டவர்களின் வலி எந்தக் கணக்கிலும் ஏறாமற்போகும். பூன் லே அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் மாலையில் வந்து உட்காரும் தமிழ் முதியோர் ஐம்பது பேரிடமிருந்து இத்தொகுப்பைத் தொடங்கலாம். கேட்பதற்கு ஒரு பதிவுபெற்ற தாதி, சொல்லின் நிழலை அறிந்த ஒரு தமிழாசிரியர், நோயை உறுதி செய்ய ஒரு மருத்துவர், கணக்கிட ஒரு புள்ளியியலார் ஆகிய நால்வர் போதும். கட்டுரை அச்சேறும்போது ஆசிரியர் வரிசையில் தாதியின் பெயர் முதலில் நிற்க வேண்டும்.